அமைதி வாழ்த்துக்கு வந்த சந்தேகங்கள்

சேர்ந்திசை சொல்லிக்கொடுக்கிற வேலையில் சுருதி சேர்வதற்கு முன்னால் சந்தேகம் வந்து சேர்ந்துவிடும். ஒரு பிள்ளை தனியாகப் பாடினால், நல்லாப் பாடுது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதே பிள்ளையோடு இன்னும் இருபது பேரை மூன்று வரிசையில் நிறுத்தி, ஒரே நேரத்தில் மூன்று விதமாகப் பாட வைத்துப் பாருங்கள். இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று ஊரே உட்கார்ந்து யோசிக்கும். பந்தி பரிமாற ஆள் சேர்த்தவர்கள், ஊர்க் கமிட்டியில் செயலாளராக இருந்தவர்கள், நாலு பேரை ஒரு காரியத்தில் இறக்கிவிட்டுப் பட்டவர்கள் எல்லோரும் என் கட்சிதான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ப் புலம்புவேன்?

என் பேர் ஸ்டெல்லா. வாலிநோக்கம் பக்கத்துக்காரி. மாதா கோயில் பாடல் குழுவில் பாடிப் பழகி, இப்போது ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி போகிற ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். மற்றவர்களைக் குறை சொல்கிறேனே தவிர, நானும் லேசுப்பட்டவள் இல்லை. கீபோர்டு உறையின் ஜிப் பாதி திறந்திருந்தால், அன்றைக்கு அந்தப் பக்கம் போன அத்தனை பேரையும் விசாரித்துவிட்டுத்தான் ஓய்வேன். ஆனாலும் சொல்கிறேன், ஆண்டு விழாவுக்கு ஓர் அமைதிப் பாட்டுப் போட்டேன் பாருங்கள், அதற்கு வந்த சந்தேகம் மாதிரி எதற்கும் வந்ததில்லை. கடைசியில் ஒரு பிள்ளையின் இடமே பறிபோகப் பார்த்தது.

சாமி இல்லாத வாழ்த்து

முந்தின வருஷம் ஆண்டு விழாவில் ஒரு பக்திப் பாட்டுக்கு ஆட வைத்து, பாதிப் பெற்றோர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அதனால் இந்த வருஷம் யார் மனசும் கோணாத பாட்டு வேண்டும் என்றார் தாளாளர். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் கெல்டிக் சனங்கள் பேரில் சொல்கிற ஒரு வாழ்த்து முறை உண்டு. காற்று, கல், கடல் என்று கண்ணெதிரே இருப்பதைச் சொல்லி, அதனிடம் இருக்கிற அமைதி உன்னிடமும் வரட்டும் என்பார்கள். அந்தச் சாயலில் நம் ஊருக்கு நானே ஒன்று எழுதினேன். உப்பு விளையும் பாத்தியின் அமைதி உனக்கு, வலை காயும் மணலின் அமைதி உனக்கு, வேலை முடிந்த கையின் அமைதி உனக்கு. அவ்வளவுதான் பாட்டு. இதை மேல்குரல், நடுக்குரல், அடிக்குரல் என்று மூன்றாகப் பிரித்து மெட்டுப் போட்டேன்.

தாளாளர் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தார். வார்த்தை தப்பா என்று கேட்டேன். வார்த்தை எல்லாம் சரிதான் என்றார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"இதுல சாமி பேரே இல்லையே டீச்சர், யாரை உள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

மஃப்டியில் வந்தவர்

பாட்டு வெளிநாட்டுச் சாயல் என்று நான் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அது எந்த வழியாகப் போனதோ, ஒருநாள் பயிற்சி நடக்கும்போது ஒருவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கட்டம் போட்ட சட்டை, போலீஸ்காரர் முடிவெட்டு. யாரோ பிள்ளையின் சித்தப்பா என்றார். எந்தப் பிள்ளை என்று கேட்டதற்கு எல்லாப் பிள்ளைகளையும் பொதுவாகக் காட்டினார்.

பாட்டை யார் அனுப்பினார்கள், எந்தத் தேசம், நான் அங்கே போய் வந்திருக்கிறேனா என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நான் தனுஷ்கோடிக்கு அப்பால் போனதில்லை என்றேன். அதில் அவருக்குப் பாதி திருப்திதான். தனுஷ்கோடி வரைக்கும் எதற்குப் போனேன் என்று கேட்டார். கடைசியில் முழுப் பாட்டையும் பாடிக் காட்டச் சொன்னார். பிள்ளைகள் அருமையாகப் பாடினார்கள். மேலே உச்சிப்புளி கடற்படைத் தளத்து விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனதையும் மீறி அந்த 'அமைதி உனக்கு' நின்றது. மனுஷன் எழுந்து நின்று கைதட்டுவார் என்று பார்த்தேன். அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்:

"எல்லாருக்கும் அமைதி, அமைதின்னு சொல்றீகளே, இங்கன என்ன கலவரம் நடந்துச்சு?"

எனக்கு 'ம்'மா?

இனிமேல்தான் விஷயமே வருகிறது. சேர்ந்திசைக்குப் பிள்ளை எடுக்கும்போது ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் குரல் பார்ப்பேன். எவ்வளவு மேலே போகிறது, எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்த்து வரிசை பிரிப்பேன். உத்தரகோசமங்கைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து இரண்டு பிள்ளைகள் ஒரே வேனில் வருவார்கள். ஒருத்தி தரணி, ராஜசேகர் என்கிற நிலக்காரர் மகள். இன்னொருத்தி முத்துமாரி. அவளுடைய அய்யா கருப்பையா அந்த ராஜசேகரின் மிளகாய்க் காட்டில் வேலை பார்க்கிறவர். தரணி குரல் சிட்டாக மேலே போனது. முத்துமாரி வாயைத் திறந்தாளோ இல்லையோ, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஓர் அடிக்குரல் எங்கள் கோயில் பாடல் குழுவில்கூட நான் கேட்டதில்லை. பள்ளத்தில் தண்ணீர் நிற்கிற மாதிரி ஆடாமல் அசையாமல் நின்றது. இந்தப் பிள்ளையை நம்பி எந்தப் பாட்டையும் போடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சேர்ந்திசையில் அடிக்குரல்தான் அஸ்திவாரம். ஆனால் அஸ்திவாரத்தைப் பார்த்து யார் வீட்டைப் புகழ்ந்திருக்கிறார்கள்? மேல்குரல் பிள்ளைகள் மெட்டையும் வார்த்தையையும் பாடும்போது, அடிக்குரல் கீழே 'ம்' என்று ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், நடுவில் லேசாக ஏறி இறங்க வேண்டும். நான் அதன் அருமையை விளக்கு விளக்கென்று விளக்கினேன். அடிக்குரல் பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். முத்துமாரி மட்டும் ஆட்டவில்லை. மணி அடித்து எல்லோரும் போன பிறகு நின்று கேட்டாள்:

"தரணிக்குப் பாட்டு, எனக்கு 'ம்'மா டீச்சர்?"

வீட்டுக்குப் போன 'ம்'

பயிற்சிக்கு நான் சொல்கிற விதி, அவரவர் குரலை வீட்டில் அவரவர் பாடிப் பார்க்க வேண்டும் என்பது. மேல்குரல் பிள்ளைகள் வீட்டில் பிரச்சினை இல்லை, பாட்டு பாட்டாக இருக்கும். அடிக்குரல் பிள்ளை தனியாகப் பாடினால் என்ன கேட்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. முத்துமாரி பாத்திரம் துலக்கும்போது 'ம்', தண்ணீர் பிடிக்கும்போது 'ம்', ஆட்டைப் பிடித்துக் கட்டும்போது 'ம்'. பிள்ளைக்கு ஏதாவது மந்திரம் ஓதிக் கொடுத்துவிட்டார்களா என்று அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கிறார்கள். டீச்சர் பேர் ஸ்டெல்லா என்று தெரிந்ததும் அது மந்திரமில்லை, ஜெபம் என்று வேறு முடிவு கட்டியிருக்கிறார்கள்.

கருப்பையா ஒருநாள் வேலையைப் போட்டுவிட்டு வந்தார். மதமாற்றச் சண்டைதான் என்று நான் பதிலெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஜெபமாக இருந்தாலும் முழு ஜெபமாகச் சொல்லிக் கொடுத்திருப்பீர்களே என்றார். ஊரில் எந்த விசேஷமானாலும் தன் வீட்டு ஆட்கள் எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்று சொன்னார். இந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகளும் ஒரே வேன், ஒரே பெஞ்ச் என்று நம்பிக் கொண்டுவந்து விட்டதாகச் சொன்னார். மேடையில் முதலாளி மகள் பாட, தன் மகள் பின்னால் நின்று வாயை மூடிக்கொண்டு முனகுவதை அவரால் பார்க்க முடியாது. வார்த்தை இல்லை என்றால் மகளைக் குழுவிலிருந்து நிறுத்திவிடுவேன் என்றார். முத்துமாரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கருப்பையா சத்தம் போடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார்:

"எம்மக வாயத் தொறந்து பாடணும் டீச்சர், மூடிக்கிட்டு நிக்க அவளுக்கு யாரும் சொல்லித் தர வேணாம்."

முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பரீட்சை

அவர் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்றவர்களைச் சந்தேகப்பட்டுப் பழகிய புத்தி, இப்போது என்மேலேயே திரும்பியது. நான் நிஜமாகவே குரலைத்தான் கேட்டேனா? தரணியின் பளிச்சென்ற ரிப்பனையும் இந்தப் பிள்ளையின் வெளுத்த யூனிபாரத்தையும் பார்த்துவிட்டு, காது தானாக ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதா? நீங்களே சொல்லுங்கள், அப்படி ஒரு கேள்வி வந்தபிறகு எவளுக்குத் தூக்கம் வரும்?

மறுநாள் எல்லோரையும் மறுபடி நிற்கவைத்தேன். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொருவராக வந்து பேர் சொல்லாமல் என் முதுகுக்குப் பின்னால் பாட வேண்டும், நான் வரிசையைச் சொல்வேன். கூத்தாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாம் முதலில் பிரித்தபடியே வந்தது. முத்துமாரி குரல் வந்தபோது, இது அடிக்குரல், இதை யாராலும் மாற்ற முடியாது என்று சுவரைப் பார்த்தே சொன்னேன். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருந்தாலும் கருப்பையா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் பாட்டின் நடுப்பகுதியைப் பிரித்துப் போட்டேன். 'வேலை முடிந்த கையின் அமைதி உனக்கு' என்கிற வரி முழுக்க அடிக்குரலுக்கு, அந்த நேரம் மேல்குரல் 'ம்' போட வேண்டும். முத்துமாரிக்குச் சிரிப்பு வந்துவிடும் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நெசமாவே பாட்டுக்காக மாத்துனீகளா, எங்கய்யா வந்ததுக்காகவா?"

மறுபக்கத்துச் சந்தேகம்

தரணி வீட்டுக்குப் போய் 'ம்' போட்டதும், மறுநாளே அவள் அப்பா ராஜசேகர் காரில் வந்து இறங்கினார். மரியாதைக்குக் குறைவே இல்லை. டீச்சர் சௌக்கியமா, சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். தன் மகளுக்கு மேல்குரல் என்று முதலில் சொன்னது ஏன், இப்போது நடுவில் வாயை மூட வைத்தது ஏன் என்றார். பாட்டு அப்படிக் கேட்டது என்றேன். பாட்டு வாய் விட்டுக் கேட்டதா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

எனக்குப் பாட்டைப் பற்றிக் கவலை போய்விட்டது. கருப்பையாவின் வேலை இவர் காட்டில் அல்லவா இருக்கிறது? யாரும் சொல்லவில்லை, மெட்டுப் போட்டவள் நான், மாற்றியவளும் நான் என்று அடித்துச் சொன்னேன். வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே சிரிப்போடு சொன்னார்:

"யார் வந்து பேசிட்டுப் போனதுன்னு மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்."

மூச்சுத் திருட்டு

நான் சொல்லவில்லை. அவராகவே தெரிந்துகொண்டாரா இல்லையா என்று பயந்துகொண்டே கடைசிப் பயிற்சிக்கு வந்தேன். பாட்டின் முடிவில் எல்லாப் பிள்ளைகளும் 'உனக்கு' என்பதை இழுத்து நிறுத்த வேண்டும். சங்கு ஊதி முடிந்த பிறகும் காதில் நிற்குமே, அத்தனை நீளம். யாருக்கும் அவ்வளவு மூச்சு கிடையாது. அதற்கு எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு எடுக்கக் கூடாது. பக்கத்துப் பிள்ளை பாடும்போது நீ வாயை மூடி மூச்சை எடுத்துக்கொள், நீ பாடும்போது அவள் எடுத்துக்கொள்வாள். கேட்கிறவர்களுக்குச் சத்தம் அறவே அறாது.

சும்மா சொல்லக்கூடாது, இதைச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு நடந்த சண்டை மாதிரி பள்ளிக்கூடத்தில் நடந்ததில்லை. அவள் பாடாமல் ஏமாற்றுகிறாள், இவள் என் முறையில் மூச்சு எடுக்கிறாள் என்று ஆளுக்கொரு புகார். எல்லோரையும் அடக்கி உட்காரவைத்தேன். முத்துமாரி மட்டும் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்:

"நான் மூச்சு வாங்குறப்ப பக்கத்துல நிக்கிறவ நெசமாப் பாடுறாளான்னு எப்புடித் தெரியும்?"

ஆண்டு விழா

ஷாமியானா போட்டு, சாயங்காலக் காற்றில் மைக் குர்குர் என்று இரைய விழா தொடங்கியது. ராஜசேகர் முன்வரிசை நாற்காலியில் இருந்தார். கருப்பையா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நாற்காலி காலியாகக் கிடந்தும் ஓரத்துக் கம்பத்தின் பக்கம் நின்றுகொண்டார். இரண்டு பேரும் பாட்டைக் கேட்க வந்த மாதிரி தெரியவில்லை. அவர் தரணியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், இவர் முத்துமாரியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு நன்றாகவே போனது. 'வேலை முடிந்த கையின் அமைதி உனக்கு' என்று முத்துமாரி வாயைத் திறந்து பாடும்போது, கருப்பையா தன் அக்கம்பக்கத்தில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்ததை நான் ஓரக்கண்ணால் கவனித்தேன். அப்பாடா என்று நினைத்தேன். கடைசி 'உனக்கு' வந்தது. முத்துமாரி தன் முறைக்கு வாயை மூடி மூச்சு எடுத்தாள். அவ்வளவுதான். சுற்றிலும் எல்லாப் பிள்ளைகளும் வாயைத் திறந்திருக்க, தன் மகள் வாய் மட்டும் மூடியிருப்பதைக் கருப்பையா பார்த்துவிட்டார். கடைசி நேரத்தில் பிள்ளையை அடக்கிவிட்டார்கள் என்றே முடிவு கட்டியிருக்க வேண்டும். நேரே மேடைப் படியைப் பார்த்து நடந்து வந்தார்.

அய்யா வருவதைப் பார்த்ததும் முத்துமாரி விறைத்துப் போனாள். மூடிய வாய் திறக்கவே இல்லை. அவளை நம்பியே நின்ற அடிக்குரல் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சுருதி நழுவி நிறுத்தினார்கள். பாட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போனது. தூக்கிய கையை இறக்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் நான் நின்றேன். மானம் போச்சு என்றே நினைத்தேன். அப்போது அதே அடிக்குரல் சுரம் மறுபடி கேட்டது. மேல்குரல் வரிசையின் ஓரத்திலிருந்து தரணி தன் மெட்டை விட்டுவிட்டுக் கீழே இறங்கி, முத்துமாரியின் சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் குரலுக்கு அது எட்டவே எட்டாது, தொண்டை கரகரத்தது. ஆனாலும் விடவில்லை. பிடித்த சுரத்தோடு திரும்பி முத்துமாரியைப் பார்த்தாள். இவளுக்கு மூச்சு வந்தது, குரல் வந்தது, முழுசாக வந்து சேர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றும் இல்லை.

கைதட்டல் ஓய்வதற்குள் ராஜசேகர் மகளிடம் போய், உன் பாட்டை விட்டு ஏன் இறங்கினாய் என்று கேட்டார். தினமும் வேனில் முத்துமாரி முனகிக் கேட்டது மனப்பாடம் ஆகிவிட்டது, அவள் நிறுத்தியதும் பாடாமல் இருக்க முடியவில்லை என்றாள் தரணி. யாரும் சொல்லித் தரவில்லையா என்று இன்னொரு தரம் கேட்டார். இல்லை என்றாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். கருப்பையா படியிலேயே நின்றிருந்தார். நான் ஓடிப்போய், அது மூச்சு எடுக்கிற முறை, யாரும் அவளை நிறுத்தவில்லை என்று படபடவென்று விளக்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. முனகல், முனகல் என்று சண்டைக்கு வந்த மனுஷன், இத்தனை நாள் வீட்டில் கேட்டுக் கேட்டு, அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் பிடிபடாத அந்த அடிக்குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார். தரணி போன திசையையே பார்த்துக்கொண்டு, அடக்க முடியாத கோபத்தோடு என்னிடம் கேட்டார்:

"அது எம்மக பாட்டாச்சே டீச்சர், அந்தப் பிள்ள வாய்க்கு எப்புடிப் போச்சு?"

இப்போதெல்லாம் சனிக்கிழமைப் பயிற்சிக்கு முத்துமாரியைக் கருப்பையாவே வண்டியில் கொண்டுவந்து விட்டு, அவள் 'ம்'மை வேறு யாரும் எடுத்துவிடாமல் ஜன்னலுக்கு வெளியே நின்று காவல் காப்பதால், அமைதிப் பாட்டினால் என்ன அமைதி வந்தது என்று யாராவது கேட்டால், சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இப்போது அது சுருதியோடு இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.